சீசன் நடுவில் சாப்ட்வேர் மாற்றலாமா?

(ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பு நலச்சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பொங்கல் முடிந்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் வந்திருப்பது சந்தோஷம். லிஃப்ட் பிரச்சினையைத்தான் பேசப்போகிறோம் என்று நினைத்து வந்தவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது அடுத்த அயிட்டம். செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்.

போன ஆகஸ்டில் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றியது. "மேற்குத் தாம்பரம் ஆடிட்டர் சாப்ட்வேர் மாத்தப்போறாராம், நம்ம ரிட்டர்ன் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதிலாக முப்பது பேர் முப்பது விதமாக எழுதினார்கள். நம் குடியிருப்பில் நிறையப் பேர், முக்கியமாகப் பென்ஷன் வாங்குகிறவர்கள், அந்த ஆடிட்டரிடம்தான் கணக்குக் கொடுக்கிறோம். நான் பேங்கிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் உதவியாக உட்காருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது குரூப்பில் நான் ஒன்றும் எழுதவில்லை. சீசன் நடந்துகொண்டிருந்தது, எழுத நேரமும் இல்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஆடிட்டரின் சம்மதத்தோடு, நடந்ததைச் சொல்கிறேன். இதில் நம் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆடிட்டர் ஆபீசில் அந்த சாப்ட்வேர் என்ன செய்கிறது?

பலர் நினைப்பது, வருமான வரி இலாகாவின் போர்ட்டலில் நேராக உட்கார்ந்து ஆடிட்டர் டைப் அடிக்கிறார் என்று. ஒரு ரிட்டர்ன், இரண்டு ரிட்டர்ன் போடுகிறவர்கள் அப்படிச் செய்யலாம். நானூறு ரிட்டர்ன் போடுகிறவருக்கு அது ஆகாது. அவர் விலை கொடுத்து ஒரு சாப்ட்வேர் வாங்கி வைத்திருப்பார். வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். உங்கள் பான் எண், பேங்க் கணக்கு, போன வருஷக் கணக்கு, எடுத்து வந்த நஷ்டம், எல்லாம் அதில் இருக்கும். ஃபார்ம் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். இரண்டையும் இறக்கி, வரியைக் கணக்குப் போட்டு, இலாகா கேட்கிற அமைப்பில் ஒரு கோப்பாக மாற்றிக் கொடுக்கும். அந்தக் கோப்புத்தான் போர்ட்டலுக்குப் போகிறது.

இலாகா ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்றினாலும் இந்த சாப்ட்வேர் கம்பெனிகள் எல்லாம் அதற்கேற்ப மாற்ற வேண்டும். போன வருஷம் படிவங்களில் நிறைய மாற்றம். அதனால்தான் ஜூலை 31 கெடுவை செப்டம்பர் 15 வரை நீட்டிப்பதாக மே மாதக் கடைசியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஐ.டி.ஆர். 2, ஐ.டி.ஆர். 3 படிவங்களுக்கான எக்செல் யுடிலிட்டி ஜூலை 11ஆம் தேதிதான் வந்தது. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், வீடு விற்றவர்கள், தொழில் செய்கிறவர்கள் எல்லாருடைய ஃபைலும் அதுவரை மேஜையிலேயே கிடந்தது. கெடு நீண்டதே தவிர, வேலை செய்ய மிச்சமிருந்த நாள் அதிகமில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம்

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதிய சாப்ட்வேரின் விற்பனைப் பிரதிநிதி ஆபீசுக்கு வந்தார். பையன் கெட்டிக்காரன். "முதல் வருஷம் பாதி விலை, ஆகஸ்ட் 31க்குள்ள சேர்ந்தா" என்றார். எங்கள் பழைய சாப்ட்வேர் சாயங்காலத்தில் ஆமை வேகம். அப்டேட் தாமதமாக வந்தது. சப்போர்ட்டுக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் கேட்கும். சந்தாவையும் ஏற்றியிருந்தார்கள். புதியதில் புரோக்கர் ஸ்டேட்மென்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ஒரு ஃபைலுக்கு 40 நிமிஷம் என்பது 20 நிமிஷமாகும் என்று அவர் செய்தும் காட்டினார். பொய் சொல்லவில்லை. நானே கடிகாரம் பார்த்தேன்.

ஆடிட்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை "ஆடிட்டர் சார்" என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை "சார்" என்பார். அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது கேட்டார்: "சார், இன்னும் 250 ஃபைல் பாக்கி. ஃபைலுக்கு 20 நிமிஷம் மிச்சம்னா 83 மணி நேரம் மிச்சம். மாத்திடலாமா?"

கணக்கு சரிதான். மூன்று பேர் உள்ள ஆபீசில் 83 மணி நேரம் என்பது பெரிய விஷயம். சட்டென்று வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அந்தப் பழைய சாப்ட்வேரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான்தானே. இருந்தாலும் பேங்க் புத்தி சும்மா இருக்குமா? "ஒரு பத்து ஃபைல் எடுங்க சார். ரெண்டுலயும் போட்டுப் பார்ப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன்.

பேங்கில் கற்ற பாடம்

நான் கிளார்க்காகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது எல்லாம் லெட்ஜர்தான். தடித்தடியாக, ஒவ்வொன்றும் கல் மாதிரி இருக்கும். பிறகு கிளையில் லெட்ஜர் போஸ்டிங் மிஷின் வந்தது. ஏ.எல்.பி.எம். என்போம். மிஷின் வந்த மறுநாளே லெட்ஜரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடவில்லை. வாரக்கணக்கில் லெட்ஜரிலும் எழுதினோம், மிஷினிலும் போட்டோம். சாயங்காலம் இரண்டின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம். தாம்பரத்துக்கு எட்டரை மணி மின்சார ரயில் பிடித்த நாட்கள் உண்டு. "ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யறோமே" என்று அலுத்துக்கொள்வோம். ஆனால் மிஷினில் போட்ட தப்பு லெட்ஜரில் தெரிந்தது, லெட்ஜரில் பல வருஷமாக இருந்த தப்பு மிஷினில் தெரிந்தது.

பிறகு பல வருஷம் கழித்து கோர் பேங்கிங் வந்தபோது எங்கள் கிளை ஒரு சனி, ஞாயிறில் மாறியது. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுவதும் எல்லாக் கணக்கின் பேலன்சையும் பிரிண்ட் எடுத்து வைத்தோம். திங்கட்கிழமை மொத்தத் தொகை பைசா சுத்தமாக ஒத்துப்போனது. கைதட்டினோம். பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் வந்தார். "என் ஆர்.டி.க்கு இந்த மாசம் பணம் போகலையே" என்றார். பார்த்தால், சேமிப்புக் கணக்கிலிருந்து மாதா மாதம் ஆர்.டி.க்கு மாற்றச் சொல்லி அவர் கொடுத்திருந்த நிலையான உத்தரவு புதிய சிஸ்டத்துக்கு வந்து சேரவே இல்லை. அவருக்கு மட்டுமல்ல, இன்னும் பலருக்கும். பணம் எங்கும் போகவில்லை, மொத்தம் சரியாகவே இருந்தது. ஆனால் பணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த தகவல் விட்டுப்போய்விட்டது.

அன்றிலிருந்து யார் எந்த சிஸ்டத்தை மாற்றுகிறேன் என்றாலும் நான் கேட்பது ஒன்றுதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க நேரம் இருக்கிறதா? புதியது நல்லதா என்பது அடுத்த கேள்வி.

பத்து ஃபைல்

ஆடிட்டர், நான், ஆபீசில் இருக்கும் உதவியாளர் பெண், மூன்று பேரும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பத்து ஃபைலை இரண்டிலும் போட்டோம். எல்லாமாகச் சேர்த்து ஆறு மணி நேர வேலை. ஏழு ஃபைல் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போனது. மூன்றில் வித்தியாசம்.

முதல் ஃபைலில் ஒருவருக்கு மியூச்சுவல் ஃபண்டில் முந்தைய வருஷ நஷ்டம் இருந்தது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் அந்த மாதிரி நஷ்டத்தை 8 வருஷம் வரை எடுத்துப்போய், பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழிக்கலாம். புதிய சாப்ட்வேருக்குப் பெயர், பான், பேங்க் கணக்கு எல்லாம் வந்தது. நஷ்டம் வரவில்லை. எனக்கு அந்த ஆர்.டி. பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

இரண்டாவதில் ஒருவர் 2024 ஜூலை 8ஆம் தேதி பங்கு விற்றிருக்கிறார். குறுகிய கால லாபம். அந்த வருஷம் ஜூலை 23க்கு முன்னால் விற்றால் 15 சதவீத வரி, அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் 20 சதவீதம். எக்செல்லிலிருந்து இழுத்தபோது நாளும் மாதமும் இடம் மாறிப்போய், 8-7 என்பது ஆகஸ்ட் 7 ஆகிவிட்டது. வரி ஏறிவிட்டது. இது சாப்ட்வேரின் தப்பு என்று சொல்ல முடியாது. தேதி அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்காதது எங்கள் தப்பு. பழைய சாப்ட்வேரில் கையால் அடித்துப் பழகியதால் அப்படி ஒரு தேர்வு இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஃபைல்தான் எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. கணவர் காலமான பிறகு ஃபேமிலி பென்ஷன் வாங்கும் ஒரு அம்மா. பென்ஷனும் வட்டியும் சேர்ந்து 7,20,000 ரூபாய். புதிய வரி முறையில் ஃபேமிலி பென்ஷனுக்கான கழிவு 15,000 ஆக இருந்ததை 2024-25 கணக்கு வருஷத்திலிருந்து 25,000 ஆக்கிவிட்டார்கள். 25,000 கழித்தால் வருமானம் 6,95,000. அந்த வருஷம் புதிய முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி உண்டு, ஆகவே வரி பூஜ்யம். 15,000 மட்டும் கழித்தால் வருமானம் 7,05,000. ஏழு லட்சத்துக்கு மேல் போன 5,000 அப்படியே வரியாகி, செஸ்ஸோடு 5,200 ரூபாய். ஒரு சாப்ட்வேர் பூஜ்யம் என்றது, இன்னொன்று 5,200 என்றது. தப்பாக 15,000 கழித்தது எது தெரியுமா? எங்கள் பழைய சாப்ட்வேர்தான். வந்திருந்த அப்டேட்டை எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றில் போடாமல் விட்டிருந்தோம்.

"பழசு பழகினது, அதனால பத்திரம்" என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அன்றோடு போயிற்று. அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே போட்டு அனுப்பிய ஃபேமிலி பென்ஷன் ஃபைல்களை அன்று ராத்திரியே எடுத்துப் பார்த்தோம். ஆறு பேருக்குத் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டியிருந்தது. எல்லாம் டிசம்பர் 31 கெடுவுக்குள் போட்டுவிட்டோம். அதற்கு ஆடிட்டர் கட்டணம் வாங்கவில்லை. அந்த ஆறு பேருக்கும் அவரே போன் செய்து, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டார்.

முடிவு

பிறகு நான் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். புதியதற்கு மாறினால் மிச்சம் 83 மணி நேரம். பத்து ஃபைலை ஒத்துப்பார்க்க 6 மணி நேரம் என்றால், 250 ஃபைலுக்கு 150 மணி நேரம். ஒத்துப்பார்க்காமல் மாறினால்தான் நேரம் மிச்சம். ஒத்துப்பார்த்து மாறினால் 67 மணி நேரம் நஷ்டம்.

ஆடிட்டர், "எல்லாத்தையும் பார்க்க வேண்டாமே சார், சாம்பிள் பார்த்தா போதாதா?" என்றார். நியாயமான கேள்வி. "பத்துல ஒண்ணு கூட வித்தியாசம் வரலைன்னா போதும்னு நானே சொல்லியிருப்பேன். மூணு வந்திருக்கே சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பையனுக்குப் போன் செய்து, "நவம்பர்ல வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். பாதி விலை போயிற்று. பழைய சாப்ட்வேரோடு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து செப்டம்பரை ஓட்டினோம். கடைசி நாள் ராத்திரி போர்ட்டல் திணறியதும், கெடுவை ஒரே ஒரு நாள், செப்டம்பர் 16 வரை, நீட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நவம்பரில் அந்தப் பையன் மறுபடி வந்தார். பாதி விலை கொடுக்கவில்லை, கால் பங்கு குறைத்தார். புதியதை வாங்கிவிட்டோம். டிசம்பர் வரை வந்த தாமத ரிட்டர்ன், திருத்திய ரிட்டர்ன் எல்லாவற்றையும் இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். இந்த மாதம் ஒவ்வொருவர் ஃபைலாக எடுத்துவரும் நஷ்டம், தேய்மானம் இவற்றை மட்டும் தனியாகச் சரிபார்க்கிறோம். மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஏப்ரலிலிருந்து புதியதுதான்.

பெரிய இடங்களிலும் இதே கதை

இதெல்லாம் சின்ன ஆபீசின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2021இல் வருமான வரி இலாகாவே தன் போர்ட்டலை சீசன் நேரத்தில்தான் மாற்றியது. ஜூன் 1 முதல் 6 வரை பழையதை மூடி, ஜூன் 7ஆம் தேதி புதியதைத் திறந்தார்கள். உள்ளே போக முடியவில்லை, ஓ.டி.பி. வரவில்லை, பழைய ரிட்டர்ன் தெரியவில்லை என்று நாடு முழுக்கப் புகார். ஆகஸ்டில் இன்ஃபோசிஸ் தலைமை நிர்வாகி சலில் பரேக்கை நிதியமைச்சர் நேரில் அழைத்து, செப்டம்பர் 15க்குள் சரிசெய்யச் சொன்னார். இன்னொன்றும் நடந்தது. கொரோனா காரணமாகக் கெடுவை முன்பே செப்டம்பர் 30க்கு நீட்டியிருந்தும், ஜூலை 31க்குப் பிறகு போட்ட சிலருக்கு சாப்ட்வேர் வட்டியும் தாமதக் கட்டணமும் போட்டுவிட்டது. அது சாப்ட்வேர் தப்புதான், திருத்திவிட்டோம் என்று இலாகாவே சொன்னது. கடைசியில் கெடு டிசம்பர் 31 வரை போயிற்று. அரசாங்கம் மாற்றினால் கெடுவை நீட்டிக்கொள்ளலாம். நம் ஆடிட்டர் மாற்றினால் கெடுவை யார் நீட்டுவார்கள்?

2024இலும் பார்த்தோம். ஜூலை 5ஆம் தேதி இலாகா தன் யுடிலிட்டியை மாற்றியது. அதற்கு முன்னால் போட்டவர்களுக்குப் பங்கு லாபத்தின் மீதும் 87ஏ தள்ளுபடி கிடைத்தது, பின்னால் போட்டவர்களுக்கு சாப்ட்வேர் கொடுக்கவில்லை. ஒரே மாதிரி வருமானத்துக்கு இரண்டு விதமான வரி. விஷயம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், தாமத ரிட்டர்ன், திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15 வரை நீண்டது.

வெளிநாட்டிலும் உண்டு. பிரிட்டனில் டி.எஸ்.பி. என்ற பேங்க் 2018 ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறில் எல்லா வாடிக்கையாளரையும் ஒரே வீச்சில் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில்தான் முக்கியமான சோதனைகளைச் செய்திருந்தார்கள் என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022இல் அந்த பேங்குக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம்.

நல்ல உதாரணம் வேண்டுமானால் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள். முதலில் அரசு விரைவுப் பேருந்துகளை மட்டும் அங்கே அனுப்பினார்கள். தென் மாவட்டம் போகும் மற்ற அரசுப் பேருந்துகளைப் பொங்கல் கூட்டம் முடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியில்தான் மாற்றினார்கள். அப்போதும் நாம் திட்டினோம், பெருங்களத்தூரில் பெட்டியோடு நின்றோம் என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் பொங்கலுக்கு முந்தின நாள் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் சீசன் நடுவில் மாற்றவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். பழைய சாப்ட்வேர் தப்பாகக் கணக்குப் போடுகிறது, கம்பெனி திருத்த மறுக்கிறது, அல்லது வேலையே செய்யவில்லை என்றால் வேறு வழியில்லை. அப்போதும் சுலபமான ஃபைல்களை முதலில் மாற்ற வேண்டும். பாதி போட்ட ஃபைலைப் பழையதிலேயே முடிக்க வேண்டும். நஷ்டம், வீடு விற்றது, வெளிநாட்டு வருமானம் போன்ற சிக்கலான ஃபைல்களை இரண்டிலும் போட்டுப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

இந்த நெருக்கடியை உண்டாக்குவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. 2024 ஜூலை 31 வரை நாட்டில் 7 கோடியே 28 லட்சம் ரிட்டர்ன் தாக்கலானது. அதில் கிட்டத்தட்ட 70 லட்சம் அந்தக் கடைசி ஒரே நாளில். நம் குடியிருப்பும் இதற்கு விதிவிலக்கில்லை. போன செப்டம்பர் 13ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி ஃபார்ம் 16 கொடுத்தவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் சிரிப்பதே போதும்.

ஃபார்ம் 16 ஜூன் நடுவில்தான் கைக்கு வரும், உண்மைதான். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ் ரசீது, பங்கு விற்ற விவரம், வாடகை விவரம் எல்லாவற்றையும் மே மாதமே கொடுத்துவிடலாம். நாம் சீக்கிரம் கொடுத்தால் ஆடிட்டருக்கு ஒத்துப்பார்க்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்தின் பலன் நமக்குத்தான்.

இரண்டாவது, ரிட்டர்ன் போட்டதும் ஒப்புகைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வரிக் கணக்கீட்டுத் தாளையும் வாங்கிப் படியுங்கள். போன வருஷத் தாளைப் பக்கத்தில் வையுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும். போன வருஷம் இருந்த கழிவு இந்த வருஷம் காணாமல் போயிருக்கிறதா? எடுத்துவரும் நஷ்டம் அப்படியே வந்திருக்கிறதா? ரீஃபண்டுக்கான பேங்க் கணக்கு சரியா? காரணம் தெரியாத வித்தியாசம் எதுவாக இருந்தாலும் கேளுங்கள். கேட்டால் ஆடிட்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, போட்ட ரிட்டர்னை 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமாகவோ வேறு வழியிலோ சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். ஓ.டி.பி. கேட்டு ஆபீசிலிருந்து போன் வந்தால் முதலில் திரும்ப ஆபீஸ் நம்பருக்கு நீங்களே பேசி உறுதி செய்துகொண்டு, பிறகு சொல்லுங்கள். இந்தக் காலத்தில் அது ரொம்ப அவசியம்.

வரும் வருஷம் இன்னும் கவனம் வேண்டும். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் போய், 2025ஆம் வருஷத்துச் சட்டம் இந்த ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகிறது. பழைய சட்டத்தில் 800க்கு மேல் இருந்த பிரிவுகள் புதியதில் 536. ஆனால் நாம் இந்த சீசனில் போடப்போவது 2025-26 கணக்கு, அது பழைய சட்டப்படிதான். ஏப்ரலிலிருந்து பிடிக்கும் டி.டி.எஸ். புதிய சட்டப்படி. ஒரே சமயத்தில் இரண்டு சட்டம் ஓடும். எல்லா சாப்ட்வேர் கம்பெனியும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே மே, ஜூன், ஜூலையில் யார் எந்தச் சலுகை கொடுத்தாலும் ஆபீசில் மாற்றுவதில்லை என்று ஆடிட்டர் இப்போதே முடிவு செய்துவிட்டார்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை

கடைசியாக நம் விஷயம். பராமரிப்புக் கட்டணக் கணக்கை ஒரு புதிய மொபைல் ஆப்புக்கு மாற்றலாம் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை. எக்செல்லில் அவர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் பிடித்த டி.டி.எஸ்.க்கான காலாண்டு ரிட்டர்ன் இந்த மாதம் 31ஆம் தேதிக்குள் போட வேண்டும். அது முடியட்டும். பிப்ரவரி, மார்ச் பில்லை எக்செல்லிலும் போடுவோம், ஆப்பிலும் போடுவோம். மார்ச் 31ஆம் தேதி ஒவ்வொரு வீட்டுக்கும் பாக்கி எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கார்பஸ் எவ்வளவு என்று ஒரு தாள் கொடுப்போம். நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எல்லா வீடும் ஒத்துப்போனால் ஏப்ரல் 1 முதல் ஆப். ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு காலாண்டு தள்ளிப்போகட்டும், ஒன்றும் குடிமுழுகாது.

அந்த இரண்டு மாதமும் பொருளாளருக்கு இரட்டை வேலை. சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் வந்து உட்காருகிறேன். பேங்கில் பேலன்சிங் செய்து பழகிய கை, சும்மா இருக்க முடியவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும். காபிக்கு என் வீட்டில் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இருபது நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இனி லிஃப்ட் விஷயத்தை அவர் பேசுவார்.